காட்டுக்கு என்ன விலை? ‘செலுத்தும் விருப்பம்’ ஆய்வு: எளிய விளக்கம்

மீனுக்குச் சந்தையில் விலை உண்டு, மரக்கரிக்கும் உண்டு. ஆனா, மீன்குஞ்சு வளர இடம் கொடுக்கும் பக்காவ் காட்டுக்கு என்ன விலை? விலை இல்லாததால், திட்டம் போடும்போது அது கணக்கில் வராமல் போய்விடுகிறது. அதனால்தான் பொருளியலாளர்கள், “இதைக் காக்க எவ்வளவு கொடுப்பீர்கள்?” என்று மக்களையே கேட்கிறார்கள். இதில் இரண்டு முறைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. நேர்க்கேள்வி முறை
ஒரு திட்டத்தை விளக்கி, தொகையைச் சொல்லி, சம்மதமா என்று கேட்பது. 1989இல் எக்சான் வால்டீஸ் கப்பல் அலாஸ்கா கடலில் எண்ணெயைக் கொட்டிய பிறகு, அமெரிக்கக் குடும்பங்களிடம் இப்படிக் கேட்டார்கள். குடும்பத்துக்குச் சுமார் 31 டாலர். நாடு முழுவதும் 280 கோடி டாலர் என்று கணக்கு வந்தது.

2. தெரிவு முறை
பல திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. நம் பேராக்கின் மாத்தாங் காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டர். அங்கே கரிச்சூளைக்கு மரமும் வெட்ட வேண்டும், காடும் நிலைக்க வேண்டும். இதற்கு ‘ஆம், இல்லை’ போதாது. ஜமால் ஒஸ்மானும் இரு ஆய்வாளர்களும் இம்முறையில் அங்குச் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது.

எங்கே சறுக்கும்?
எண்ணெய்க் குட்டையில் விழுந்து சாகும் பறவைகளைக் காக்க எவ்வளவு தருவீர்கள் என்று மூன்று குழுக்களிடம் தனித்தனியாகக் கேட்டார்கள். 2,000 பறவைக்கு 80 டாலர், 20,000க்கு 78, 2,00,000க்கு 88. பறவை நூறு மடங்கு கூடியும் தொகை நகரவே இல்லை பாருங்க! நல்ல காரியத்துக்குக் கொடுத்தோம் என்ற மனநிறைவுக்கே பலர் பதில் சொன்னார்கள் போலும். நோபல் பரிசு பெற்ற கென்னத் ஏரோ, ராபர்ட் சோலோ தலைமையிலான குழு 1993இல், நேரில் கேளுங்கள், வாக்கெடுப்பு போலக் கேளுங்கள், வருமானத்தை நினைவூட்டுங்கள் என்று விதிகள் வகுத்தது.

உங்கள் கள ஆய்வுக்கு
தவறு: “தெலுக் பாத்தேக் கடற்கரை சுத்தமாக இருக்க எவ்வளவு தருவீர்கள்?”
சரி: “சுத்தம் செய்ய ஒரு காருக்கு 3 வெள்ளி கட்டணம் வந்தால், அந்தப் பணம் வேறு செலவுக்கு இருக்காது. சம்மதமா?”
வேறு வேறு ஆட்களிடம் வேறு வேறு தொகை சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் விடைத்தாளில் மறக்காதீர்கள். லூமுட் மீனவர் 2 வெள்ளியும் சுற்றுப்பயணி 20 வெள்ளியும் தருவதாகச் சொன்னால், கடல் மீனவருக்கு அற்பம் என்று பொருளல்ல. அவர் பையில் இருப்பது அவ்வளவுதான். வருமானத்தைச் சேர்த்துப் பார்க்காத எண், ஏழையின் குரலைக் குறைத்தே காட்டும்.