உல்லாச நகரில் பஸ்ஸும் வாடகை மோட்டாரும்

செல்வம் இருவகைப்படும்: ஒன்று பொருள், மற்றொன்று காலம். பொருளை எண்ணி எண்ணிச் செலவிடும் மாந்தருள் அநேகர் காலத்தை எண்ணாது செலவிடுதலை நாம் நாடோறும் காண்கிறோம். இவ்விரண்டனையும் ஒருங்கே எண்ணுதல் எங்ஙனம் என்பதை, குடும்பங்கள் விடுமுறையில் சென்று களிக்கும் ஓர் உல்லாச நகரைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கிலுள்ள புளோரிடா மாகாணத்தில், ஆர்லண்டோ நகருக்கு அருகே, 1971-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ந் தேதி திறக்கப்பட்டது வால்ட் டிஸ்னி வோர்ல்டு. சுமார் 40 சதுர மைல் பரப்புள்ள இவ்விடத்தை ஒரு நகரம் என்றே கூறலாம். மாஜிக் கிங்டம் (1971), எப்காட் (1982), ஹாலிவுட் ஸ்டூடியோஸ் (1989), அனிமல் கிங்டம் (1998) என்னும் நான்கு பெரும் பூங்காக்களும் பற்பல விடுதிகளும் அதனுள் பரந்து கிடக்கின்றன. சில விடுதிகளுக்கு ஒற்றைத் தண்டவாள ரயிலும், படகும், 2019-ல் தோன்றிய கம்பிவட வண்டியும் உண்டு. ஏனைய விடுதிகளில் தங்குவோர் பெரும்பாலும் பஸ்களையே நம்பியிருக்கின்றனர்.

டிஸ்னி விடுதிகளிலிருந்து பூங்காக்களுக்குச் செல்லும் இப்பஸ்களுக்குக் கட்டணமில்லை. சக்கர நாற்காலியில் வருவோரும் நாற்காலியுடன் ஏறலாம். எனினும் குறைகளும் உள. ஒரு பஸ் சென்ற பின் மற்றொன்று வரச் சுமார் 20 நிமிஷமாகும். அது நிறைந்துவிடின் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். பெரிய விடுதிகளில் பல நிறுத்தங்கள் இருப்பதால், ஏறிய பின்னும் பஸ் விடுதியையே சுற்றி வரும். ஒரு விடுதியிலிருந்து மற்றொரு விடுதிக்கு விருந்துண்ணச் செல்வோர், இடையில் ஒரு பூங்காவிலோ டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்னும் கடைவீதியிலோ இறங்கி வேறு பஸ் ஏற வேண்டும்.

இதற்கு மாறாக அமைந்தது, கைத்தொலைபேசியால் அழைக்கும் வாடகை மோட்டார். 2009-ல் தொடங்கிய ஊபர், 2012-ல் தொடங்கிய லிஃப்ட் என்னும் கம்பெனிகள் இம்முறையைப் பரப்பின. நாம் நிற்குமிடத்தையும் சேருமிடத்தையும் குறித்தால், கட்டணம் முன்னதாகவே தெரியும். அண்மையிலுள்ள ஓட்டுநர் தம் சொந்த வண்டியுடன் வருவார். வண்டியின் இலக்கத்தைச் சரிபார்த்த பின்னரே ஏறுதல் அவசியம்.

இனி கணக்கைப் பார்ப்போம். ஒருவர் ஒரு நாள் ஒரு பூங்காவிற்குச் செல்ல வாங்கும் தனிச்சீட்டின் விலை இந்நாளில் 100 டாலருக்கு மேற்பட்டது. நால்வருக்கு 400 டாலருக்கும் அதிகம். அவர்கள் 10 மணி நேரம் பூங்காவில் தங்குவதாகக் கொண்டால், ஒவ்வொரு மணி நேரமும் 40 டாலர் பெறும். பஸ்ஸிற்காகக் காலையில் முக்கால் மணி நேரம் வீணாயின், கட்டணமில்லாப் பஸ்ஸிற்கு அவர்கள் கொடுத்த விலை 30 டாலர். மோட்டார்க் கட்டணம் அதனிற் குறைந்ததாயின் மோட்டாரே சிக்கனம். ஆனால் தனியே செல்லும் ஒருவருக்கு ஒரு மணியின் விலை 10 டாலரே. அவருக்குப் பஸ்ஸே தகும்.

எல்லா நேரமும் ஒரே மதிப்புடையதன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. டிஸ்னி விடுதிகளில் தங்குவோர் மற்றவரினும் 30 நிமிஷம் முன்னதாகப் பூங்காவினுள் நுழையலாம். கூட்டமற்ற அக்காலை நேரம் பிற்பகலின் ஒரு மணியினும் உயர்ந்தது. ஆதலால் மோட்டாருக்குச் செலவிட விரும்புவோர் காலையிற் செலவிடுதல் நலம். இரவில் வாணவேடிக்கை முடிந்தவுடன் யாவரும் ஒருங்கே வண்டி தேடுவதால் கட்டணம் பன்மடங்கு ஏறுதலுமுண்டு. அவ்வேளையில் சற்று அமர்ந்திருந்து பின் புறப்படுதலே அறிவுடைமை.

மாஜிக் கிங்டத்திற்கு மட்டும் இவ்விதி மாறுபடும். வாடகை மோட்டார்கள் அப்பூங்காவின் வாயில்வரை செல்வதில்லை; ஏரிக்கு இக்கரையிலுள்ள நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து படகிலோ ஒற்றைத் தண்டவாள ரயிலிலோ செல்ல வேண்டும். விடுதிப் பஸ்ஸோ வாயிலருகே கொண்டு சேர்க்கும். அனிமல் கிங்டம் போன்ற தொலைவிடங்களுக்கும், விடுதி விட்டு விடுதி செல்வதற்கும் மோட்டாரே சிறந்தது.

சிறுவருடன் செல்வோர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். சிறு குழந்தைகளை மோட்டாரில் அதற்குரிய பாதுகாப்பு ஆசனத்தில் அமர்த்துதல் அவசியம். சாதாரண வாடகை மோட்டாரில் அவ்வாசனம் இராது. டிஸ்னியார் 2017-ல் ஏற்படுத்திய மின்னி வேன் என்னும் வண்டிகளில் அஃது உண்டு. ஆனால் கட்டணம் அதிகம். குழந்தையின் உயிரைப் பணயமாக வைத்துப் பெறும் சௌகரியம் சௌகரியமாகாது. ஆசனம் கைவசமில்லையேல் பஸ்ஸையே நாடுக.

ஆகவே, பஸ்ஸா மோட்டாரா என்று பயணத்திற்கு முன்பே ஒரே முடிவு செய்துகொள்ளுதல் பொருந்தாது. இன்று எவ்விடம், எந்நேரம், எத்துணைப் பேர், உடன் வருவோர் யாவர் என்னும் நான்கினையும் ஒவ்வொரு முறையும் எண்ணித் துணிதல் வேண்டும். அங்ஙனம் எண்ணுவோர் பணப்பையையும் காப்பர். ஆண்டெல்லாம் பொருள் சேர்த்து அரிதிற் பெற்ற சில நாட்களையும் காப்பர்.