3,000 படிகள், 2 நாள்கள்: வேர்ப்பாலம் காணச் செல்வோர் பையில் என்ன இருக்க வேண்டும்?

மேகாலயாவின் உயிருள்ள வேர்ப்பாலங்களைக் காணச் செல்லும் பலருக்கும், மறுநாள் பையைச் சுமந்துகொண்டு திரும்பி ஏறுவதுதான் பயணத்தின் கடினமான பகுதி. வீட்டில் பை கட்டும்போது அந்த ஏற்றம் நினைவில் இருப்பதில்லை.

கிழக்கு காசி மலை மாவட்டத்தில், உள்ளூரில் சோரா என்று அழைக்கப்படும் சிரபுஞ்சிக்கு அருகே உள்ளது நொங்கிரியாத் கிராமம். ரப்பர் அத்தி மரத்தின் விழுதுகளை ஓடையின் குறுக்கே பல ஆண்டுகள் வழிநடத்தி காசி இன மக்கள் உருவாக்கிய இரண்டடுக்குப் பாலம் இங்குதான் இருக்கிறது. இத்தகைய பாலங்கள் அமைந்த நிலப்பகுதி, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2022-இல் சேர்க்கப்பட்டது. பயணிகளின் வாகனங்கள் டிர்னா கிராமத்தோடு நின்றுவிடும். அதன்பின் 3,000-க்கும் மேற்பட்ட படிகளும், கம்பி வடங்களில் தொங்கும் நடைபாலங்களும்தான் வழி.

படி இறங்கும்போது முழங்கால் மூட்டின் மீது விழும் விசை உடல் எடையைப் போல் 3 மடங்கைத் தாண்டும் என்று மருத்துவ அளவீடுகள் காட்டுகின்றன. பையில் கூடும் ஒவ்வொரு கிலோவும் அதே கணக்கில் ஒவ்வொரு படியிலும் மூட்டைச் சென்றடைகிறது. சிறு நடைப்பயணத்துக்கான பை, உடல் எடையில் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 கிலோ. குடிநீருக்கே 2 கிலோ போய்விடும் என்பதால், மற்ற அனைத்துக்கும் மிஞ்சுவது 4 கிலோதான்.

இதற்கு எளிய தீர்வு இரண்டு பைகள். பெரிய பையை ஷில்லாங்கிலோ சோராவிலோ தங்கும் விடுதியில் ஒப்படைத்துவிட்டு, ஓர் இரவுக்கான சிறிய தோள்பையுடன் இறங்கலாம். கம்பளி உடையும் பெரிய பையிலேயே இருக்கட்டும். சோரா சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கு மாலையில் குளிரும். பள்ளத்தாக்கில் உள்ள நொங்கிரியாத்தில் அந்த அளவுக்குக் குளிர் இருக்காது.

துணியைத் தீர்மானிப்பது மழை. சிரபுஞ்சியின் ஆண்டு சராசரி மழையளவு 11,000 மில்லிமீட்டருக்கும் அதிகம். ஜீன்ஸ் கால்சட்டை நனைந்தால் கனத்துவிடும். ஈரக்காற்றில் மறுநாளும் காயாது. விரைவில் உலரும் மெல்லிய துணியில் உடுத்தியிருப்பது ஒன்று, பையில் ஒன்று போதும். கூடுதலாக இரண்டு ஜோடி உள்ளாடை, இரண்டு ஜோடி காலுறை. தடித்த பூந்துவாலைக்குப் பதில் நம் ஊர் ஈரிழைத் துண்டு சீக்கிரம் காயும். ஒரு லுங்கி இரவு உடையாகவும் போர்வையாகவும் பயன்படும். அருகிலுள்ள இயற்கைக் குளங்களில் இறங்குவோருக்கு உடை மாற்றும் மறைப்பாகவும் உதவும்.

குடையை விட மழைக்கோட்டே மேல். வழுக்கும் படிகளில் இரு கைகளும் விடுபட்டிருக்க வேண்டும். மூங்கிலாலும் இலைகளாலும் பின்னி, தலை முதல் இடுப்பு வரை முதுகை மூடும் 'க்னுப்' என்ற மழைக்காப்பை காசி உழவர்கள் உருவாக்கியதும் இதற்காகவே: குனிந்து வேலை செய்யும்போது கைகள் தடையின்றி இயங்க வேண்டும். பைக்கு வெளியுறை மட்டும் போட்டால் முதுகுப்புறமாக நீர் இறங்கிவிடும். துணிகளை உள்ளேயே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது பாதுகாப்பானது.

'ஒருவேளை தேவைப்பட்டால்' என்று எடுத்து வைக்கும் பொருள்களால்தான் பை பெருக்கிறது. இரண்டாவது காலணி, முழு அளவு ஷாம்பு புட்டி, முறுக்கு டப்பா எல்லாம் அந்த வகை. கிராமத்தின் தங்கும் வீடுகளில் சோறு, பருப்பு, காய்கறியுடன் எளிய உணவு கிடைக்கும்.

மருந்தில் மட்டும் சிக்கனம் கூடாது. வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகளை ஒரு நாள் கூடுதலாகவே எடுத்துச் செல்ல வேண்டும். கனமழையில் பயணம் ஒரு நாள் தள்ளிப்போவது அங்கு புதிதல்ல. உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காயத்துக்கான கட்டு, கொசு விரட்டி, மழைக்காலமெனில் அட்டைக்கடிக்குச் சிறிது உப்பு ஆகியவை அவசியம். கைவிளக்கு, போதிய ரொக்கம், அடையாள அட்டை ஆகியவற்றையும் மறக்கக் கூடாது. விமானத்தில் செல்வோர் பவர் பேங்க்கைக் கைப்பையில் மட்டுமே கொண்டு செல்ல முடியும்.

சுமையின் மறுபக்கம் குப்பை. கிராமத்துக்கான அரிசி உள்ளிட்ட பொருள்களை, நெற்றியில் பட்டையிட்டுத் தாங்கும் கூம்பு வடிவக் கூடைகளில் உள்ளூர் மக்கள் இதே படிகளில் இறக்குகின்றனர். அவர்கள் விளைவிக்கும் பாக்கும் வெற்றிலையும் அதே முதுகுகளில்தான் மேலேறுகின்றன. பயணி விட்டுச்செல்லும் காலிப் புட்டியும் நொறுக்குத்தீனி உறையும் அந்தச் சுமையோடு சேர்கின்றன. மீண்டும் நிரப்பக்கூடிய ஒரே தண்ணீர்ப் புட்டியை எடுத்துச் செல்வோர் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். உறைகளை வீட்டிலேயே பிரித்துப் போட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துச் செல்வது இன்னும் நல்லது. பையில் இடமும் மிஞ்சும். சேரும் குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு சிறிய பை போதும். மறுநாள் ஏறி முடித்ததும் மாற்றிக்கொள்ள ஒரு செட் உலர்ந்த உடை, சோராவில் விட்டுவந்த பெரிய பையில் இருக்கட்டும்.