தனிக்குஞ்சும் கோழிக்கூட்டமும்

பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களை வகுத்தது தொல்காப்பிய மரபியல். அளகு என்னும் பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாக்கி, மயிலுக்கும் அது பொருந்தும் என உடன்பட்டதும் அவ்வியலே. கோழியை இத்துணை நுணுகி நோக்கிய மரபில் வந்த நாம், தாயற்ற குஞ்சொன்றைக் கூட்டத்திற் சேர்க்கும் முறையறியாது அதனை இழந்துவிடுகிறோம். அம்முறையை ஈண்டு நோக்குவோம்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையை 1885இல் அளந்தறிந்தவர் வில்லியம் கேமரன். அங்கே போ தேயிலைத் தோட்டம் 1929இல் தோன்றியது. காடு திருத்தித் தேயிலை வளர்த்த கைகளுள் தமிழர் கைகள் பல. லயத்தின் பின்புறத்தில் கீரைப்பாத்தியும் நாலைந்து கோழிகளும் இருந்தால் அது அக்குடும்பத்தின் கைம்முதல். 21 நாள் அடைகாத்துப் பொரித்தவற்றுள், பருந்துக்கும் மூசாங்குக்கும் தப்பி ஒன்றே எஞ்சுவதுண்டு. ‘கூட்டத்தோடு சேர்ந்து பிழைத்துக்கொள்ளும்’ என்று அதனைப் பெரிய கோழிகளிடையே விட்டால், மாலைக்குள் அது மண்டை கிழிந்து கிடக்கும்.

இது கோழியின் கொடுமையா? அன்று. நார்வே நாட்டறிஞர் ஷெல்டெரப்-எப்பே, சிறுவயது முதல் கோழிகளைக் கவனித்து, 1921இல் ஓர் உண்மையை வெளியிட்டார். எக்கோழி எக்கோழியைக் கொத்தலாம் என்னும் வரிசை ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டு என்பதே அது. ஒன்றையொன்று தலையாலும் கொண்டையாலும் அடையாளம் கண்டு அவை அவ்வரிசையைக் காக்கின்றன. அறிமுகமற்ற குஞ்சுக்கு அதில் இடமில்லை, எதிர்க்க வலுவுமில்லை. ஆகவே முதலில் முகப்பழக்கம் வேண்டும், பின்னரே சேர்க்கை.

குஞ்சு பொரித்து ஓரிரு நாளே ஆகியிருந்து, அடைக்கோழியும் கையில் இருந்தால் வழி எளிது. சில நாள் அடையில் அமர்ந்த கோழியின் வயிற்றடியில் இரவு இருளில் குஞ்சை மெல்லச் செருகுக. விடியலில் தாய் ஏற்றதா என்று அருகிருந்து காண்க. நாள் கடந்த குஞ்சு புதிய தாயை நாடாது. தாயும் அதனை ஏற்பது அரிது.

அடைக்கோழி இல்லையேல் நாமே தாயாதல் வேண்டும். முதல் வாரத்தில் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை வெப்பம் தேவை. பின் வாரந்தோறும் ஏறத்தாழ 3 பாகை குறைக்கலாம். கேமரன் மலையின் இரவுக் குளிரோ 15 பாகை அளவுக்கு இறங்கும். ஒட்டிப் படுக்க உடன்பிறப்பில்லாத குஞ்சுக்கு அது நஞ்சு. பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் விளக்குச் சூடு இருக்கட்டும். ஓயாது கத்தினால் குளிர் என்க; சிறகு விரித்து விலகினால் சூடு மிகுதி என்க. இயன்றால் ஒத்த வயதுக் குஞ்சு ஒன்றைத் துணையாக்குக. வெளியிலிருந்து வந்த குஞ்சாயின் வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்க்கு அஞ்சி, மூன்று வாரமேனும் தனியே வைத்தல் நன்று.

உடல் முழுதும் இறகு மூடிய பின்னர்ப் பஞ்சாரத்தை எடுங்கள். கோழிகள் மேயும் முற்றத்திலேயே குஞ்சை அதனுள் கவிழ்த்து வையுங்கள். பார்க்கலாம், கொத்த இயலாது. ஒரு வாரம், பத்து நாள் பகல்தோறும் இவ்வாறு செய்தால் புதுமுகம் பழகிய முகமாகும். எனினும் அவசரம் வேண்டா. உருவில் பெரியவற்றை ஓரளவு ஒத்துவரும் பத்துப் பன்னிரண்டு வாரம் வரை பொறுப்பதே நலம்.

திறந்து விடும் நாளில் தீனியையும் தண்ணீரையும் ஈரிடத்தில் வைக்க. குஞ்சு மட்டும் நுழையத்தக்க சந்தொன்று ஒளிவிடமாக இருக்கட்டும். முட்டைக்கோழித் தீனியில் சுண்ணச்சத்து மிகுதி. அது குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனவே அனைத்துக்கும் குஞ்சுத்தீனி இட்டு, முட்டையிடுவனவற்றுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனியே வைக்கலாம். இரண்டொரு கொத்து விழுவது இயல்பு. அதுவே வரிசையில் இடம்பெறும் வழி. குருதி கண்டாலோ உடனே பிரித்துவிடுக. செந்நிறம் மற்றவற்றையும் கொத்த இழுக்கும்.

சில நாள் கழித்து, அந்தியில் கூட்டைத் திறந்து பாருங்கள். பெரிய கோழிகளின் வரிசைக் கடைசியில், ஒரு முழ இடைவெளி விட்டு, அக்குஞ்சும் அடைந்திருக்கும். அதன் இடம் அதற்குக் கிடைத்துவிட்டது.