முதல் மாடித்தோட்டமா? விதை வாங்கும் முன் வாடகை ஒப்பந்தத்தை எடுங்க

"இயற்கை முறையில் மாடித்தோட்டம் போட்டா காய்கறிச் செலவு மிச்சமாகுமா?" ஆடிட்டர்கிட்ட இதைக் கேட்டா பதில் கணக்காத்தான் வரும். போட்டுப் பார்த்துடலாம்.

12 இன்ச் அகலம், 12 இன்ச் உயரத்தில் 6 பைகள்னு எடுத்துக்கோங்க. ஒரு பைக்கு சுமார் 20 லிட்டர் கலவை பிடிக்கும். செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூணும் சம அளவு. 5 கிலோ கோகோபீட் கட்டி தண்ணியில் ஊறினா 60 லிட்டர் வரைக்கும் பொங்கும், அதனால ஒரு கட்டியே தாராளம். கடைக்காரர் மூணு எடுத்து வைப்பார், சிரிச்சுக்கிட்டே ரெண்டைத் திருப்பிக் கொடுங்க. வேப்பம்புண்ணாக்கு, வேப்பெண்ணெய், விதை எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்னு வச்சுக்குவோம். உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

மாசம் 150 ரூபாய்க்குக் கீரையும் காயும் வந்தா நல்ல விளைச்சல்தான். உரம், விதைக்கு 50 போக மிச்சம் 100. அப்போ போட்ட காசு திரும்ப 15 மாசம் ஆகும். உங்க வாடகை ஒப்பந்தம் எத்தனை மாசம்? 11.

அதனால இதை முதலீடுன்னு நினைக்காதீங்க. ஓடிடி சந்தா, வீக்கெண்ட் சினிமா இருக்கிற வரிசையில் எழுதுங்க. அந்த வரிசையில் இதைவிட மலிவானது எதுவும் இல்ல, கூடவே மருந்தடிக்காத கீரையும் கிடைக்குது. ஆனா 24 பை, இரும்பு ஸ்டாண்ட், நிழல்வலை, சொட்டுநீர் டைமர்னு முதல் மாசமே கிரெடிட் கார்டைத் தேய்க்கிறது வேற கதை. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஐடி தம்பி அப்படித்தான் இஎம்ஐ போட்டார். பொங்கலுக்கு பத்து நாள் ஊருக்குப் போனார், செடி எல்லாம் காஞ்சு போச்சு. இஎம்ஐ மட்டும் இன்னும் பச்சையா இருக்கு.

நிஜமான ரிஸ்க் இந்த 1,500 ரூபாயில் இல்ல, உங்க அட்வான்ஸில் இருக்கு. வெறும் செம்மண் நிரப்பி நனைச்சா ஒரு பையே 30 கிலோவைத் தொடும். கோகோபீட் கலக்கிறதே எடையைக் குறைக்கத்தான். பைக்கு அடியில் தண்ணி தேங்கி, கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம் இறங்கினா, வீட்டைக் காலி பண்ணும்போது பெயின்ட், வாட்டர்ப்ரூஃபிங்னு அட்வான்ஸில் கழிப்பாங்க. அதனால ஓனர்கிட்ட வாய்ப்பேச்சா கேட்டுட்டு விடாதீங்க, வாட்ஸ்அப்பில் ஒரு வரி பதில் வாங்கிக்கோங்க. பை வைக்கிறதுக்கு முன்னாடி தளத்தையும் கீழ் வீட்டு சீலிங்கையும் போட்டோ எடுத்து வைங்க. பைகளைத் தரையில் நேரா வைக்காம செங்கல் மேல தூக்கி வைங்க, சுவரோரமா.

அடுத்தது வெயில். தினம் 5, 6 மணி நேரம் வெயில் விழலைன்னா தக்காளி ஆசையை விட்டுடுங்க. முளைக்கீரை, சிறுகீரை 25 நாள்ல கைக்கு வரும். வெண்டைக்கு 45 நாள், தக்காளிக்கு ரெண்டு மாசத்துக்கு மேல. ஆடி, தை ரெண்டும் நல்ல பட்டம். ஏப்ரல் மே வெயிலில் முதல் தோட்டம் வேண்டாம். பூச்சி வந்தா லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரையறதுக்கு ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலமா தெளிங்க.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை இணையதளத்தை ஒருமுறை பாருங்க. பை, விதை, தென்னை நார்க்கட்டி, உயிர் உரம் அடங்கின மாடித்தோட்டத் தளையை மானிய விலையில் கொடுத்திருக்காங்க. இந்த வருஷம் இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் பர்ஸைத் திறங்க.

ஓனர் சரின்னு சொல்லிட்டா ரெண்டு பை கீரையோட ஆரம்பிங்க. நீங்க ஊருக்குப் போகும்போது யார் தண்ணி ஊத்துவாங்கன்னும் இப்பவே பேசி வைங்க. முதல் கீரையை அறுத்த பிறகு மீதி நாலு பையை வாங்கலாம்.