ஒரே செயலி, இரு வேறு கணக்கு: சமூக ஊடகத்தை மாணவரும் மாணவியரும் வேறுபட்டுக் காண்பது ஏன்?

புதுடெல்லி: சமூக ஊடகத்தால் விளைவது நன்மையா, தீமையா என்று பல்கலைக்கழக வகுப்பறையில் கேட்டால், ‘இரண்டும் உண்டு’ என்ற விடை இரு பாலரிடமிருந்தும் எளிதில் கிடைக்கும். ஆனால், ‘தீமை’ என்று இருவரும் குறிப்பது ஒன்றையே அல்ல. மாணவருக்கு அது வீணாகும் நேரமாகவோ பொய்ச் செய்தியாகவோ இருக்கலாம். மாணவிக்கோ, தன் புகைப்படம் யார் கையில் சிக்கும் என்ற கவலையும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

இந்த வேறுபாடு கல்லூரி வாயிலில் தொடங்குவதன்று. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வி பயில்வோர் 4.33 கோடி பேரில் பெண்கள் 2.07 கோடி, ஏறத்தாழ சரிபாதி. ஆனால், 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையிலான ஆண்களில் 57.1 சதவீதத்தினர் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியிருந்தனர், பெண்களிலோ 33.3 சதவீதத்தினர் மட்டுமே. இது மாணவியரைப் பற்றிய தனிக்கணக்கு அன்று. அவர்கள் வளர்ந்த சமூகத்தின் கணக்கு. அண்ணனுக்குத் தனிக் கைபேசி, தங்கைக்கு வீட்டின் பொதுக் கைபேசி என்பது பலரும் அறிந்த ஏற்பாடுதான்.

அச்சத்துக்கும் சான்றுகள் உள்ளன. சுயவிவரப் படத்தைப் பிறர் பதிவிறக்காமல் தடுக்கும் வசதியை 2017 ஜூனில் ஃபேஸ்புக் இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. படம் தவறாகப் பயன்படுத்தப்படும் என அஞ்சி, பெண்கள் சிலர் முகம் தெரியும் படத்தையே பதிவிடுவதில்லை என்பதை அந்நிறுவனமே காரணமாகக் கூறியது. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் முஸ்லிம் பெண்களின் படங்களை ‘ஏலம்’ விடுவதுபோல் காட்டிய ‘சுல்லி டீல்ஸ்’, ‘புல்லி பாய்’ செயலிகள் வெளிப்பட்டன. இரண்டாவது வழக்கில் கைதானவர்களில் 21 வயதுப் பொறியியல் மாணவர்கள் இருந்தனர். 18 வயது இளம்பெண் ஒருவரும் இருந்தார் என்பதால், இதை ஆண்–பெண் என்ற ஒற்றைக் கோட்டால் பிரித்துவிடவும் முடியாது.

ஆயினும், மாணவியர் சமூக ஊடகத்தை அஞ்சி மட்டுமே நோக்குகின்றனர் என்பது பிழை. விடுதிகளின் இரவுநேரக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2015இல் டெல்லியில் எழுந்த ‘பிஞ்ச்ரா தோட்’ இயக்கம் ஃபேஸ்புக் வழியாகவே வளர்ந்தது. மாலையில் விடுதிக் கதவு அடைபட்ட பிறகும் திறந்திருந்த இடம் அது. 2017 அக்டோபரில், பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுக்கு ஆளான கல்வியாளர்களின் பட்டியல் ஃபேஸ்புக்கில் வெளியானபோது, உரிய விசாரணையின்றிப் பெயர்களை வெளியிடலாமா என்று பெண்ணியவாதிகளுக்குள்ளேயே கடும் விவாதம் மூண்டது. ஆக, மாணவியர் இத்தளங்களில் காணும் ஆபத்து மட்டுமன்று, பயனும் தனித்தன்மை கொண்டது. ‘நன்மையா, தீமையா’ என்ற பொதுவான வினாவில் இவ்விரண்டும் மறைந்துவிடுகின்றன.

2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், ஆபாசமாகவோ உருமாற்றப்பட்டோ வெளியான படம் குறித்துப் பாதிக்கப்பட்டவர் புகார் அளித்தால், 24 மணி நேரத்தில் அதை நீக்க நடவடிக்கை எடுக்குமாறு நிறுவனங்களைப் பணித்தன. எனினும், புகார் அளிப்பதற்கே மாணவியர் தயங்குவதுண்டு. செய்தி வீட்டை எட்டினால் முதலில் பறிபோவது அவர்களது கைபேசியாக இருக்கலாம். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் தெரிவிக்காமலேயே பதிவு செய்ய வழி உள்ளது.