செல்ஃப் சுற்றுது, வண்டி எடுக்கலை!

மழை விட்ட மறுநாள் காலையில் பழைய அம்பாசடர் வீம்பு பிடிக்கும். செல்ஃப் நன்றாகவே சுற்றும், என்ஜின் எடுக்காது. காயிலை மாத்து, கண்டென்சரை மாத்து என்று ஆளுக்கொரு யோசனை வரும். எதையும் வாங்க ஓடாதீர்கள். கரண்ட் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் பொருளை மாற்றுவது காசுக்கும் கேடு, வண்டிக்கும் கேடு.

அந்த 1489 சிசி பெட்ரோல் என்ஜினில் கம்ப்யூட்டர் கிடையாது. பாட்டரியின் 12 வோல்ட் காயிலின் முதல் சுற்றில் ஓடுகிறது. டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் பாயிண்ட் திறந்ததும் அந்த ஓட்டம் அறுந்து, காயிலின் இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்புகிறது. பாயிண்ட் திறக்கும் அந்தக் கணத்தில்தான் பிளக்கில் பொறி.

காயிலிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் நடுவுக்கு வரும் தடித்த வயரை மூடிப் பக்கம் பிடுங்குங்கள். நல்ல உறை போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து, நுனியை என்ஜின் இரும்புக்கு அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வெறுங்கையால் தொடவே கூடாது. பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம். நீலப் பொறி சட்சட்டென்று பாய்ந்தால் காயில், பாயிண்ட், கண்டென்சர் மூன்றும் பிழைத்தன. கோளாறு மூடி, ரோட்டார், பிளக் வயர், பிளக் இவற்றில்தான். மழைக்காலத்தில் பெரும்பாலும் மூடிக்குள் ஈரம். உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே பென்சில் கோடு போலக் கறுத்த விரிசல் தெரிந்தால் மூடியை மாற்றியே ஆக வேண்டும்.

பொறியே இல்லை, அல்லது மஞ்சளாக மெலிந்து வருகிறதென்றால் பாயிண்ட் பக்கம் வாருங்கள். காயிலிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் சிறு வயரின் முனைக்கும் பாடிக்கும் இடையே 12 வோல்ட் பல்பு ஒன்றைப் பிடித்துச் செல்ஃப் அடித்தால், அது விட்டுவிட்டு எரிய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் பாயிண்ட் தொடவில்லை. எரியவே இல்லையென்றால் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அதன் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பாயிண்ட் முகத்தில் படியும் மெல்லிய படலமே போதும், வண்டியை முடக்க. மெல்லிய உப்புத்தாளை இரண்டு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டு, பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் ஃபீலர் கேஜால் 0.35 முதல் 0.40 மி.மீ. கேப் வையுங்கள். கேப் குறைந்தால் டைமிங் பின்தங்கும். கூடினால் பொறி மெலியும். முகம் கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் கண்டென்சர்மேல் சந்தேகப்படலாம். புதுக் கண்டென்சர் என்பதாலேயே நம்பிவிடாதீர்கள். வேலை செய்யும் பழையது ஒன்று டிக்கியில் இருக்கட்டும்.

என் அனுபவத்தில் ஆளை மிகவும் அலைக்கழிப்பது பாயிண்ட் தட்டோடு சேர்ந்து ஆடும் சிறு வயர். உறை முழுசாக இருக்கும், உள்ளே இழை அறுந்திருக்கும். ஒரு நேரம் எடுக்கும், ஒரு நேரம் எடுக்காது. மெல்ல இழுத்துப் பாருங்கள். உறை மட்டும் நீண்டால் வயர் போய்விட்டது.

பிளக் வயர்களைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். பொறி வரிசை 1-3-4-2. ரோட்டார் சுற்றுவது இடப்பக்கமாக.