லேசர் கேட்கும் முன் பிரஷைப் பாருங்கள்

தூத்துக்குடி மில்லர்புரத்தில் பல் கூசுகிறது என்று மருத்துவரிடம் போகிறவர் ‘லேசர் வைத்தால் சரியாகிவிடுமா?’ என்று கேட்டால், ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினில், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் இருக்கின்றன. அவற்றுக்குள் திரவம் நிற்கிறது. எனாமல் தேய்ந்தோ, ஈறு இறங்கி வேர் தெரிந்தோ குழாய்களின் வாய் திறந்துகொண்டால், ஐஸ் சர்பத் பட்டதும் அந்தத் திரவம் அசைகிறது, நரம்பு சுள்ளென்கிறது. ஸ்வீடனின் பல் ஆய்வாளர் பிரான்ஸ்ட்ராம் 1960களில் நிலைநாட்டிய இந்த விளக்கமே இன்றும் பரவலாக ஏற்கப்படுகிறது. வலு கூடிய லேசர் டென்டினின் மேற்பரப்பை உருக்கிக் குழாய் வாயை அடைக்கிறது. வலு குறைந்தது நரம்பைத் தணிப்பதாகக் கருதப்படுகிறது.

பலன் உண்டா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் 23 ஆய்வுகளை, 936 பேரின் பற்களை, ஒன்றாக வைத்து அலசியது. லேசர் கூச்சத்தைக் குறைக்கக்கூடும் என்றது. ஆனால் சான்றின் உறுதி குறைவு என்றும் சொன்னது. ‘வைத்தவுடனே குறைந்ததே’ என்பார்கள். குறைந்திருக்கும். ஆனால் பல் கூச்சத்தில், வெறும் பாவனைச் சிகிச்சை பெற்றவர்களிலும் கணிசமானோர் வலி குறைந்ததாகவே சொல்கிறார்கள். சான்று உறுதியற்றது என்பதால் லேசர் பொய் என்றாகிவிடாதே என்ற மறுப்பு நியாயமானது. லேசரை ஒதுக்கச் சொல்லவில்லை. வரிசையில் பின்னால் நிற்கவைக்கத்தான் சொல்கிறேன். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையும் மருத்துவர் பூசும் ஃபுளூரைடு வார்னிஷும் செலவு குறைந்தவை. பற்பசைக்குச் சில வாரப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இவற்றுக்கும் அடங்காத கூச்சத்துக்கு லேசரை முயலலாம்.

அதைவிட முக்கியம், குழாயைத் திறந்தது எது என்பது. உப்பளங்கள் சூழ்ந்த இந்த ஊரில் கல்லுப்புக்குப் பஞ்சமில்லை; அதையும் உமிக்கரியையும் சேர்த்துப் பல் தேய்க்கும் பழக்கமும் புதிதல்ல. சொரசொரப்பான பொடியும் கடினமான பிரஷும் அழுத்தித் தேய்க்கும் கையும் சேர்ந்தால் ஈறு இறங்கும், வேர் தேயும். அந்தக் கை மாறாதவரை, லேசர் அடைத்த வாய் மறுபடி திறக்கலாம். எலுமிச்சைச் சாறோ குளிர்பானமோ குடித்த கையோடு பல் துலக்குவதும் அப்படித்தான். அமிலத்தில் இளகிய எனாமல் எளிதில் தேயும். ஒரே ஒரு பல் மட்டும் கடிக்கும்போது வலித்தாலோ, குளிர்ச்சி போன பிறகும் வலி நீடித்தாலோ, அது வெறும் கூச்சமாக இராது. விரிசலோ ஆழ்ந்த சொத்தையோ இருக்கலாம். அப்போது முதலில் கேட்க வேண்டியது பல் பரிசோதனை.